உஷார்! சின்னத் துப்பாக்கி, பெரிய வம்பு

டெக்சாஸில் தமிழர் வீட்டு விருந்து எதுவானாலும், பிரியாணித் தட்டுகள் காலியாகும் நேரத்தில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. "அண்ணா, நீங்க ரேஞ்சுக்கெல்லாம் போறீங்களே, சின்னதா ஒண்ணு சொல்லுங்க. வெளிய தெரியக்கூடாது. பேன்ட் பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போற மாதிரி." கேட்பவர் ரவுடி இல்லை. சாஃப்ட்வேர்க்காரர், இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி. பக்கத்துத் தெருவில் யார் வீட்டிலோ நகை போயிருக்கும். இந்தியர் வீடு என்றால் தங்கம் இருக்கும் என்று திருடர்களுக்கும் தெரியும். இந்திய, ஆசியக் குடும்பங்களாகப் பார்த்துப் பல மாநிலங்களில் வீடு புகுந்து கொள்ளையடித்த ஒரு கும்பலின் தலைவி, ஹியூஸ்டன் பெண், 37 ஆண்டுச் சிறைத் தண்டனை வாங்கினார். ஆகவே பயத்தில் நியாயம் இருக்கிறது. அந்தப் பயத்தோடு கடைக்குப் போய், 500 டாலரைக் கொடுத்து, உள்ளங்கையில் அடங்கும் ஒன்றை வாங்கி, உறைகூட இல்லாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வெளியே வருகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

எந்தத் துப்பாக்கி என்று கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது, "தம்பி, எந்த விசா?"

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். டெக்சாஸில் பெர்மிட்டே தேவையில்லை என்று ஆபீஸ் நண்பர் சொல்வது மாநிலச் சட்டம். அது இந்தத் தடையை நீக்காது. 'வைத்திருப்பது' என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் என்று நினைக்க வேண்டாம். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து நாலு குண்டு சுட்டாலும் அந்த நேரத்தில் அது உங்கள் கையில் இருக்கிறது. கணவருக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது, மனைவிக்கு இன்னும் வரவில்லை, துப்பாக்கி வைத்துப் பூட்டிய பெட்டியின் எண் இருவருக்கும் தெரியும் என்றால் அங்கேயும் சிக்கல் கதவைத் தட்டுகிறது. தண்டனை முன்பு 10 ஆண்டு வரை இருந்தது. 2022-இல் அதை 15 ஆண்டு வரை உயர்த்தினார்கள். சிறையைத் தாண்டி, நாடு கடத்தலும் இருக்கிறது. ஆயுதக் குற்றம் ஒன்று பதிவானால் பத்து வருடமாகக் காத்திருக்கும் கிரீன் கார்டு வரிசை என்னாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சட்டத்தில் ஒரு சந்து உண்டு. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு. "ஆன்லைன்ல பத்து நிமிஷம், உரிமம் கையில" என்று விருந்துகளில் இதைப் பரிகாரம் போலச் சொல்லித் திரிகிறவர்கள் இருக்கிறார்கள். உரிமம் முடிந்த மறுநாள் விதிவிலக்கும் முடிந்தது என்பதையும், இடுப்பில் மறைத்துக்கொண்டு ஊர் சுற்ற ஒவ்வொரு மாநிலமும் தனியாக விதி வைத்திருக்கிறது என்பதையும் அவர்கள் சொல்வதில்லை. குடியேற்ற வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசும் செலவு, துப்பாக்கி விலையில் பாதிதான் ஆகும். முதலில் அங்கே போங்கள்.

கிரீன் கார்டோ குடியுரிமையோ இருப்பவர்களும் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். கடையில் நிரப்பும் 4473 என்ற படிவத்தில் கஞ்சா பற்றி ஒரு கேள்வி இருக்கும். கொலராடோவிலும் கலிஃபோர்னியாவிலும் கஞ்சா கடையில் கிடைக்கலாம், கூட்டாட்சிச் சட்டத்துக்கு அது கணக்கில்லை. அந்தப் படிவத்தில் பொய் எழுதுவது தனிக் குற்றம்.

சரி, காகிதமெல்லாம் சுத்தம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அந்தச் 'சின்னது'க்கு வருவோம்.

கடைக் கண்ணாடிக்குள் பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். ரூகர் எல்சிபி, 2008-இல் வந்தது, தோட்டா இல்லாமல் கால் கிலோவுக்குச் சற்றுக் கூட. .380 தோட்டா. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஜே-ஃப்ரேம் ரிவால்வர், ஐந்து குண்டு. 2018-இல் வந்த சிக் பி365, அரைக் கிலோ எடையில் 10 குண்டுகள் கொள்ளும் மேகசினோடு சந்தையையே புரட்டிப் போட்டது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். இங்கே சிறுக்கச் சிறுக்கக் காரம் கூடுகிறது, அதுவும் பிடித்திருப்பவர் பக்கம். எடை குறைந்தால் உதை அதிகம். பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரல் காற்றில் தொங்கும், பிடிமானம் இரண்டு விரலில் நிற்கும். குழாய் குட்டையானதால் குறிபார்க்கும் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடைவெளி குறைவு. கை ஒரு நூல் அசைந்தால் பத்து அடியில் குறி எங்கோ போகும். குழாயின் வாயும் இடக்கை விரல்களும் பயமுறுத்தும் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும். முழு அளவுத் துப்பாக்கியில் ஒரு மணி நேரம் சந்தோஷமாகச் சுடுகிற ஆள், குட்டித் துப்பாக்கியில் இருபது குண்டிலேயே கையை உதறிக்கொண்டு வைத்துவிடுவார். பிறகு அந்தப் பக்கமே வரமாட்டார். ஆனால் தினமும் பாக்கெட்டில் மட்டும் சுமப்பார். பழகாத ஆயுதத்தைப் பழக்கமான சாவிக்கொத்து மாதிரிச் சுமப்பதுதான் இதில் உள்ள முதல் ஆபத்து.

பெண்களுக்கு இன்னொரு அநியாயம் நடக்கிறது. "மேடத்துக்குச் சின்னதா காட்டுப்பா" என்ற பாணியில் கடைக்காரர் எடுத்து வைக்கும் குட்டித் துப்பாக்கிகளில் பலவற்றில் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்கும் ஸ்பிரிங் படுகடினம். உடல் சிறிதானால் ஸ்பிரிங்குக்கு இடம் குறைவு, ஆகவே விறைப்பு கூடும். இழுக்க முடியாமல் மல்லுக்கட்டும்போது குழாய் எங்கே திரும்புகிறது என்று பார்க்க மறந்துவிடும். அதைவிடச் சற்றுப் பெரியது, இழுக்க இலகுவானது, பல பெண்களுக்குப் பொருந்தும். வாங்குமுன் ரேஞ்சில் அதே மாடலை வாடகைக்கு எடுத்து ஒரு பெட்டி, அதாவது 50 தோட்டா, சுட்டுப் பாருங்கள். இருபதாவது குண்டில் உங்கள் மணிக்கட்டு சொல்வதை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் தனியாக உஷார். விசையை இழுக்காமலே வெடித்துவிடலாம் என்று திரும்பப் பெறப்பட்ட மாடல்கள் உண்டு. ஆரம்ப கால எல்சிபிகளை ரூகர் 2008-லேயே திரும்ப அழைத்தது. 2013-இல் ஸ்பிரிங்ஃபீல்டின் எக்ஸ்டி-எஸ் திரும்பப் பெறப்பட்டது. டாரஸ் நிறுவனத்தின் சில மாடல்கள் பற்றி 2015-இல் நீதிமன்றத்தில் ஒப்பந்தம் ஆனது, அதில் சுமார் பத்து லட்சம் துப்பாக்கிகள் அடங்கும். சிக் பி320-க்கு 2017-இல் 'விரும்பினால் அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம்' என்று அறிவிப்பு வந்தது. அந்த மாடல் மீது வழக்குகள் அதன் பிறகும் ஓயவில்லை. திருத்தப்படாத பழைய பிரதிகள் கன் ஷோ மேஜைகளில் சத்தமில்லாமல் கை மாறிக்கொண்டிருக்கும். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

இனி, எங்கே எப்படி வைத்துக்கொள்வது. எந்த மாடல் என்று மாதக்கணக்கில் ஆராய்கிறவர்கள் உறைக்கு இருபது டாலர் செலவழிக்க யோசிக்கிறார்கள். எனக்குத் தெரிந்து பெரும்பாலான விபரீதங்கள் உறையில்தான் ஆரம்பிக்கின்றன.

பிளாக்ஸிகோ பர்ரஸ் என்ற ஃபுட்பால் வீரரை அமெரிக்கா முழுக்கத் தெரியும். 2008 பிப்ரவரியில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு சூப்பர் பௌல் கோப்பையைப் பெற்றுத் தந்த பந்தைப் பிடித்தவர். அதே ஆண்டு நவம்பரில் மன்ஹாட்டன் இரவு விடுதி ஒன்றுக்குப் போகிறார். இடுப்பில் க்ளாக் துப்பாக்கி, உறை கிடையாது, வெறுமனே கால்சட்டைக்குள் செருகியிருக்கிறார். படியருகே அது நழுவிக் காலோடு இறங்குகிறது. இறங்கும் எதையும் பிடிக்கத்தான் கை போகும். அவர் கையும் போனது, துணிக்கு மேலாகவே. விரல் பட்ட இடம் விசை. தொடையைத் துளைத்துக்கொண்டு போனது குண்டு. காயம் ஆறிவிட்டது. நியூயார்க்கில் அந்தத் துப்பாக்கிக்கு உரிமம் இல்லை, ஃப்ளோரிடாவில் வாங்கிய அனுமதியும் சில மாதங்களுக்கு முன்பே காலாவதி. இரண்டு ஆண்டுத் தண்டனை, ஏறத்தாழ 20 மாதம் உள்ளே இருந்தார். யாரையும் மிரட்டவில்லை, யாரையும் சுடவில்லை, தன்னைத் தவிர.

நவீனக் குட்டித் துப்பாக்கிகள் பலவற்றில் தனியாகப் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. விசையை இழுத்தால் வெடிக்கும், அவ்வளவுதான். இழுக்க வேண்டிய பலம் சுமார் இரண்டரை கிலோ. பழைய பாணி ரிவால்வரில் இது ஐந்து கிலோவை நெருங்கும், அந்த ஒரு விஷயத்தில் தாத்தா காலத்து ரிவால்வர் பாதுகாப்பானது. விசையை இழுப்பது விரலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாக்கெட்டில் கிடக்கும் பேனா போதும். ஜாக்கெட்டின் கீழ்க்கயிற்றில் தொங்கும் பிளாஸ்டிக் குண்டு போதும். நாள்பட்டுத் தளர்ந்து போன தோல் உறையின் ஓரம் உள்ளே மடிந்து விசையில் மாட்டிக்கொண்டு வெடித்த கதைகளும் உண்டு. அதனால் விசையை முழுக்க மூடும், கசங்காத கெட்டிப் பிளாஸ்டிக் உறை வேண்டும், கைடெக்ஸ் என்பார்கள். பாக்கெட்டில் வைப்பதானால் பாக்கெட்டுக்கென்றே செய்த உறை, அந்தப் பாக்கெட்டில் வேறு ஒரு சில்லறைக் காசுகூட இருக்கக்கூடாது. வயிற்றில் சுற்றிக்கொள்ளும் எலாஸ்டிக் பட்டைகளில் மெல்லிய துணி மட்டும் இருப்பவை வேண்டவே வேண்டாம். வெளியே எடுப்பதில் வேகம் காட்டுகிறவர்கள் திரும்பச் செருகுவதிலும் வேகம் காட்டுகிறார்கள். திரும்பச் செருகுவதற்கு உலகத்தில் எந்த அவசரமும் கிடையாது. சட்டையை ஒதுக்கி, கண்ணால் பார்த்து, மெதுவாக. தொடைக்கு நடுவில் வரும் முன்வயிற்றுப் பக்கம் செருகுவது இப்போது ஃபேஷன். வேகமாக எடுக்கலாம் என்பது உண்மை. தவறினால் குண்டு போகும் பாதையில் தொடையின் பெரிய ரத்தக் குழாய் இருக்கிறது என்பதும் உண்மை. புதியவர்களுக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன்.

'சேம்பரில், அதாவது வெடிக்கத் தயாரான இடத்தில், குண்டு இல்லாமல் வைத்துக்கொள்ளலாமா?' என்று கேட்பவரைப் பார்த்து ரேஞ்ச் ஆட்கள் சிரிப்பார்கள். ஆபத்து நேரத்தில் இரண்டு கையும் வேண்டும், நேரம் போய்விடும் என்பார்கள். வாதம் சரிதான். ஆனாலும் பயிற்சி வகுப்பையே எட்டிப் பார்க்காதவர், குண்டு ஏற்றிய துப்பாக்கியோடு காஸ்ட்கோவில் தள்ளுவண்டி தள்ளுவதைவிட, காலியான சேம்பரோடு தள்ளுவது மேல் என்பது என் கட்சி. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

பயிற்சி பெற்றவர்களுக்கே நடப்பதைப் பாருங்கள். 2018 ஜூனில் டென்வரில் ஒரு எஃப்பிஐ அதிகாரி, பணி நேரம் அல்லாதபோது, நடன மேடையில் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டார். இடுப்பிலிருந்த துப்பாக்கி தரையில் விழுந்தது. விழுந்தபோது வெடிக்கவில்லை. பதறிப் போய்க் கையில் வாரியெடுத்தபோது வெடித்தது, அங்கிருந்த ஒருவர் காலில் பாய்ந்தது. விழும் துப்பாக்கியைத் தாவிப் பிடிக்காதே, விழட்டும், பிறகு நிதானமாக எடு என்பது வகுப்பின் முதல் நாளே சொல்லித் தரும் பாடம். 2015-இல் வாஷிங்டன் கேப்பிடல் கட்டடத்தில், தலைவர்களுக்குக் காவல் நிற்கும் போலீஸ்காரர்களே கழிப்பறையில் துப்பாக்கியை மறந்துவிட்டுப் போனார்கள். அவற்றில் ஒன்றை முதலில் பார்த்தது சுற்றிப் பார்க்க வந்த ஒரு சிறு பிள்ளை. கழிப்பறையில் பெல்ட்டைத் தளர்த்தினால் உறையோடு சேர்த்து அது எங்கே போகும் என்று வீட்டிலேயே காலித் துப்பாக்கியோடு ஒத்திகை பார்க்காதவர் வெளியே எடுத்துப் போகக்கூடாது. தண்ணீர்த் தொட்டி மேல் 'ஒரு நிமிஷம்' வைத்தால் மறப்பீர்கள்.

நம் ஆட்களுக்கென்றே ஒன்று இருக்கிறது, கோயில். செருப்பைக் கழற்றக் குனிகிறோம், தரையில் சம்மணம் போட்டு உட்காருகிறோம், சந்நிதியில் சாஷ்டாங்கமாக விழுகிறோம், எழும்போது சட்டை முதுகுப் பக்கம் ஏறிக்கொள்கிறது. இடுப்பு உறை செய்கிறவர் எவரும் இதையெல்லாம் கணக்கில் வைத்துச் செய்யவில்லை. டெக்சாஸில் 2019 செப்டம்பர் முதல், உரிமம் உள்ளவர் வழிபாட்டு இடங்களுக்குள் கொண்டுபோகலாம், வாசலில் தடை அறிவிப்பு இல்லாவிட்டால். அந்த அறிவிப்புக்கு 30.06 என்று எண் உண்டு. ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், ஓர் அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் எழுதியிருக்கும். கொலு பார்க்கும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போவது சுலபம். சட்டம் விடுகிறதோ இல்லையோ, கோயிலுக்குப் போகும் நாளில் வீட்டுப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போங்கள். கல்யாண வீட்டுக்கும் அதேதான். பட்டு வேட்டி மடியில் செருகும் விஷப் பரீட்சை வேண்டாம்.

கைப்பை. இதைச் சொல்லும்போது எனக்கே குரல் உயர்ந்துவிடும். 2014 டிசம்பர் 30, ஐடஹோ மாநிலத்தில் ஹேடன் என்ற ஊர், வால்மார்ட் கடை. 29 வயது இளம் தாய், படித்த விஞ்ஞானி, முறையான அனுமதி பெற்றவர். துப்பாக்கி வைப்பதற்கென்றே ஜிப் வைத்துத் தைத்த கைப்பை, கணவர் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த பரிசு. பை தள்ளுவண்டியில் இருந்தது, வண்டியிலேயே இரண்டு வயது மகன். தாய் துணி பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் குழந்தை ஜிப்பைத் திறந்தது. ஒரே குண்டு. தாய் அங்கேயே இறந்தார். இதற்கு மேல் நான் என்ன சொல்ல? பையில் வைக்காதீர்கள். உங்கள் வீட்டு விருந்துக்கு வரும் தோழி சோபாவில் போட்டுவிட்டுச் சமையலறைக்கு வரும் பையில் இருக்கிறதா என்று கேட்கவும் கூச்சப்படாதீர்கள். நிலக்கடலை அலர்ஜி உண்டா என்று கேட்க நமக்குக் கூச்சமில்லையே.

மருத்துவமனைக்கும் இதே எச்சரிக்கை. 2023 ஜனவரியில் பிரேசிலில் சாவ் பாவ்லோ நகரில், தாயை எம்ஆர்ஐ ஸ்கேனுக்குக் கூட்டி வந்த ஒரு வக்கீல், உலோகம் எதுவும் கூடாது என்று சொல்லியும் இடுப்பிலிருந்ததைச் சொல்லாமல் உள்ளே போனார். காந்தம் இழுத்த வேகத்தில் அது வெடித்து வயிற்றில் பாய்ந்தது. மூன்று வாரத்தில் இறந்தார். மறைத்து வைத்துப் பழகியவருக்கு ஒரு கட்டத்தில் தனக்கே அது மறந்துவிடுகிறது. அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 2023-இல் மட்டும் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. நூற்றுக்கு 93-இல் குண்டு ஏற்றியிருந்தது. பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் சொல்வது ஒரே பதில்: 'பையில் இருப்பதே மறந்துவிட்டது.' அபராதம் 15,000 டாலரைத் தாண்டலாம், போலீஸ் வழக்கு தனி. லேப்டாப் பையையே ரேஞ்சுக்கும் எடுத்துப் போகும் பழக்கம் உள்ளவர்கள் இன்றே அதை நிறுத்துங்கள்.

இன்னொரு கண்ணி, வேடிக்கையான பொருட்கள். பர்ஸ் மாதிரியே இருக்கும் உறைக்குள் குட்டித் துப்பாக்கி, உறையிலிருந்து எடுக்காமலே ஓட்டை வழியே சுடலாம் என்று சில உறைகள் வந்தன. துப்பாக்கியும் சட்டப்படி, உறையும் வெறும் தோல். ஆனால் இரண்டையும் சேர்த்த மறுநொடி அது தேசிய ஆயுதச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டிய தனி ஆயுதமாகிவிடும். பதிவில்லாவிட்டால் 10 ஆண்டு வரை சிறை. பேனாத் துப்பாக்கிக்கும் இதே கதி. மறைப்பதில் கெட்டிக்காரத்தனம் கூடக் கூட, சட்டத்தின் பார்வை கூர்மையாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாநில எல்லைக்கு வருவோம். 2022 ஜூனில் வீட்டுக்கு வெளியேயும் துப்பாக்கி எடுத்துப் போவது உரிமை என்று உச்ச நீதிமன்றம் புரூவன் வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகு, 'எல்லா ஊரிலும் எடுத்துப் போகலாம்' என்று ஒரு நினைப்பு பரவிவிட்டது. 29 மாநிலங்களில் அனுமதிச் சீட்டு இல்லாமலே மறைத்து எடுத்துப் போகலாம் என்பது சரி. டெக்சாஸ் 2021 செப்டம்பரில் அந்த வரிசையில் சேர்ந்தது, 21 வயதானவர்களுக்கு. ஆனால் இங்கேயே மதுக்கடை வாசலில் சிவப்பாக '51%' என்று எழுதியிருந்தால், வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வருகிறது என்று பொருள். உள்ளே துப்பாக்கியோடு போனால் பெருங்குற்றம். ஆபீஸ் பார்ட்டி அங்கே என்று தெரியாமல் போய் மாட்டுவீர்கள். குழந்தையின் பாஸ்போர்ட்டுக்குத் தபால் நிலையம் போகிறோமே, அதுவும் கூட்டாட்சிக் கட்டடம், தடை. அதை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன. நடக்கட்டும், அடுத்த வழக்கு உங்கள் பேரில் வேண்டாம்.

கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, மூன்றும் வெளி மாநில அனுமதியை மதிப்பதில்லை. மூன்றிலும் தமிழர் கூட்டம் அதிகம், சொந்தக்காரர் வீட்டுக்கு நாம் ஓட்டிக்கொண்டு போகிற ஊர்கள் அவைதான். நியூஜெர்சியில் அனுமதியில்லாமல் எடுத்துப் போனால் பரோல் இல்லாமல் குறைந்தது மூன்றரை ஆண்டு என்ற சட்டம் காத்திருக்கிறது. 2013-இல் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த, இரண்டு குழந்தைகளைத் தனியாக வளர்த்த ஒரு தாய், பென்சில்வேனியா அனுமதியோடு பாலத்தைத் தாண்டி நியூஜெர்சிக்குள் போனார். சாலையில் போலீஸ் நிறுத்தியபோது தானாகவே நேர்மையாகச் சொன்னார், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, இதோ அனுமதி என்று. கைது. நாடே பேசிய பிறகு 2015-இல் ஆளுநர் மன்னிப்பு கொடுத்தார். எல்லாருக்கும் நாடு பேசாது.

பூட்டிய பெட்டியில், குண்டு இல்லாமல், டிக்கியில் வைத்து மாநிலம் கடக்க 1986-இன் கூட்டாட்சிச் சட்டம் வழி விடுகிறது. அதிலும் ஒரு குழி. 2005-இல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்கு விமானத்தில் கிளம்பிய ஒருவர், பெட்டியில் துப்பாக்கியை முறைப்படி அறிவித்துத்தான் ஏறினார். விமானம் தாமதம், நியூவார்க்கில் அடுத்ததைத் தவறவிட்டார், பெட்டியை வாங்கிக்கொண்டு ஓட்டலில் ஒரு இரவு தங்கினார். காலையில் மறுபடி கவுன்டரில் போய் 'பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது' என்று அறிவித்தார். கைது செய்து சில நாள் சிறையில் வைத்தார்கள். வழக்கு கைவிடப்பட்டது. ஆனால் அவர் தொடுத்த நஷ்டஈட்டு வழக்கில், ஓட்டலில் பெட்டி கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததால் அந்தச் சட்டம் பாதுகாக்காது என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படிச் சிக்கினால் பெட்டியைக் கையில் வாங்காதீர்கள், விமான நிறுவனத்திடமே விட்டுவிட்டு வக்கீலைக் கூப்பிடுங்கள்.

சாலையில் போலீஸ் நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல், விளக்கைப் போட்டு, அசையாமல். சில மாநிலங்களில் துப்பாக்கி இருப்பதை நாமே சொல்ல வேண்டும், சிலவற்றில் கேட்டால் போதும். 2016 ஜூலையில் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பின இளைஞர், அனுமதி உள்ளவர், துப்பாக்கி இருப்பதை அமைதியாகச் சொன்ன சில விநாடிகளில் போலீஸ்காரரால் சுடப்பட்டு இறந்தார். வழக்கில் அந்தப் போலீஸ்காரர் விடுதலை. நம் தோலின் நிறத்தையும் மறந்துவிட்டு இந்தக் கணக்கைப் போட முடியாது.

வீட்டுக்குள் வந்தால் பேச்சு இன்னும் கசப்பு. 2022-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 48,200 பேர். அதில் 27,000 பேர் தற்கொலை. திருடனுக்காக வாங்கியது பரீட்சையில் மார்க் குறைந்த பதினாறு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டுகிறது என்பதை நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசுவதில்லை. இடுப்பிலிருந்து கழற்றிய நிமிடம் அது போக வேண்டிய இடம் பூட்டுப் பெட்டகம். தலையணை அடி, புடவை அடுக்கு, காரின் டேஷ்போர்டு எதுவும் பெட்டகம் ஆகாது. எண்ணைப் பிள்ளையின் பிறந்த நாளாக வைக்காதீர்கள், எல்லாப் பிள்ளைகளும் முதலில் அதைத்தான் அழுத்திப் பார்க்கும். வீட்டில் யாராவது மனம் உடைந்திருக்கும் காலமானால், துப்பாக்கியை வேறிடத்தில் ஒப்படைத்து வைக்கச் சில கடைகளிலும் ரேஞ்சுகளிலும் வசதி உண்டு.

கடைசியாக, டிசம்பரில் சென்னைக்கு விமானம் ஏறப் போகிறவர்கள். துப்பாக்கியை யாரும் எடுத்துப் போகமாட்டீர்கள், தெரியும். ரேஞ்சுக்குப் போன பையின் ஓரப் பாக்கெட்டில் தங்கிவிட்ட ஒரே ஒரு தோட்டா போதும். இந்திய விமான நிலையங்களில் வெளிநாட்டுத் தமிழர் பையில் தோட்டா கிடைப்பது அவ்வப்போது நடக்கிறது. 1959-இன் ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவாகும். தெரிந்தே வைத்திருந்தாரா என்பதுதான் நீதிமன்றத்தில் கேள்வி, தெரியாமல் வந்தது என்று நிரூபித்து வழக்கு ரத்தானவர்கள் உண்டு. ரத்தாகும்வரை லீவு, டிக்கெட், சில சமயம் பாஸ்போர்ட், எல்லாம் தொங்கும். கரீபியனில் டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகளில் 2024-இல் சில அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகள் பையில் மறந்த தோட்டாவுக்காகவே மாட்டினார்கள். அங்கே அப்போது குறைந்தபட்சத் தண்டனை 12 ஆண்டு. ஒத்திவைத்த தண்டனை, அபராதம் என்று தப்பி வந்தாலும் சிலர் வாரக்கணக்கில் ஊர் திரும்ப முடியாமல் தவித்தார்கள். ஆகவே பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்துணியை வெளியே இழுத்து, தையல் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். ரேஞ்சுக்குப் போட்டுப் போன ஜாக்கெட்டின் எல்லாப் பாக்கெட்டையும் பாருங்கள். முடிந்தால் அந்தப் பையை எடுத்துப் போகாமல் புதுப் பை ஒன்றை வாங்கிவிடுங்கள், நாற்பது டாலரில் கிடைக்கும்.